நிலத்தின் வாட்டத்தை நீங்களே அளக்கலாம்

செம்மண் மானாவாரிக் காட்டில் ஒரு கனமழை பெய்து ஓய்ந்ததும் கீழ்வரப்போரம் போய்ப் பாருங்கள். ஓடைக்கு வழிந்து செல்லும் நீர் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. கலங்கிச் செந்நிறமாக ஓடினால், ஓடுவது உங்கள் நிலத்தின் மேல்மண். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் கரைந்து போனால் அதன் எடை ஐந்து டன்னுக்கு மேல். நிலத்தைப் பார்த்தால் ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் நீங்கள் இட்ட தொழுவுரமும் அடியுரமும் பெரும்பகுதி அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

இதைத் தடுக்கத்தான் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போடுகிறோம். "வரப்புப் போட்டேன், அடுத்த மழையிலேயே உடைந்துவிட்டது" என்று பல உழவர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கிறோம். மண்ணைக் குற்றம் சொல்கிறார்கள், மழையைக் குற்றம் சொல்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் உண்மைக் காரணம் வேறு. நிலத்தின் வாட்டம் எவ்வளவு என்று அளக்காமல், கண் மதிப்பில் இடம் குறித்து வரப்புப் போட்டதே காரணம். கண் மதிப்பு நிலத்தில் பெரிதும் ஏமாற்றும். தொலைவில் ஒரு குன்று இருந்தால் மட்டமான நிலம்கூட அதை நோக்கித் தாழ்வதுபோலத் தோன்றும். அளப்பதற்குப் பொறியாளரும் தொலைநோக்கிக் கருவியும் தேவை என்று எண்ண வேண்டாம். இரண்டு குச்சி, ஒரு தண்ணீர் டியூப், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் போதும்.

இரண்டு புள்ளி, ஒரு வகுத்தல்

வாட்டம் அல்லது சரிவு என்பது என்ன? நிலத்தில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மேட்டில், மற்றொன்று தாழ்வில். இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாட்டை அவற்றுக்கிடையே உள்ள கிடைத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே சரிவு. அதை நூறால் பெருக்கினால் சதவீதம். 15 மீட்டர் தூரத்தில் 30 செ.மீ. தாழ்ந்தால், 0.30 ஐ 15 ஆல் வகுக்க 0.02, அதாவது 2 சதவீதம். நூறு மீட்டர் நடந்தால் இரண்டு மீட்டர் இறங்குகிறோம் என்று பொருள். அடிக்கணக்கில் அளந்தாலும் இதே விடைதான் வரும். நூறு அடிக்கு இரண்டு அடி. உயரமும் தூரமும் ஒரே அளவையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. உயரத்தை அங்குலத்திலும் தூரத்தை அடியிலும் வைத்துக்கொண்டு வகுத்தால் கணக்குக் கெட்டுவிடும். கொத்தனார் "பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம்" என்று சொன்னால், பத்தடி என்பது 120 அங்குலம். ஆகவே அது 120 இல் ஒன்று, சுமார் 0.8 சதவீதம்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு புள்ளிகள் வழியே செல்லும் நேர்கோட்டின் சாய்வு என்று ஒரு பாடம் இருக்கும். உயரங்களின் வேறுபாட்டைத் தூரங்களின் வேறுபாட்டால் வகுக்கச் சொல்லும். அது இந்த வாட்டக் கணக்கேதான். எந்தப் புள்ளியை முதலாவதாக எடுத்தாலும் விடை மாறாது. ஆனால் மேலே எந்த வரிசையில் கழித்தீர்களோ, கீழேயும் அதே வரிசையில் கழிக்க வேண்டும். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று மாற்றினால் இறக்கம் ஏற்றமாகக் காட்டும்.

சதவீதத்தையும் டிகிரியையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் உண்டு. நூறு சதவீதச் சரிவு என்பது செங்குத்துச் சுவர் அல்ல. நூறு மீட்டர் போனால் நூறு மீட்டர் இறங்கும் 45 டிகிரிச் சரிவுதான் அது. ஐந்து சதவீதச் சரிவு மூன்று டிகிரிக்கும் சற்றுக் குறைவு. யாராவது சரிவு இவ்வளவு என்று சொன்னால், சதவீதமா டிகிரியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் டியூப்பால் அளக்கும் முறை

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நிறமற்ற பிளாஸ்டிக் டியூப் 18 முதல் 20 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தடி உயரமுள்ள நேரான இரண்டு குச்சிகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தையல் டேப்பை, பூச்சியம் அடியில் வருமாறு ஒட்டிவிடுங்கள். தையல் டேப் 150 செ.மீ. நீளம் இருக்கும், இந்த வேலைக்கு அது பொருத்தமானது. நாட்பட்ட துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால் புதியதே நல்லது. டியூப்பின் ஒரு முனையை ஒரு குச்சியிலும் மறுமுனையை மற்றதிலும் மேல்நோக்கியபடி கட்டுங்கள்.

உயரமான இடத்தில் ஒரு வாளி நீரை வைத்து, டியூப்பின் ஒரு முனையை அதில் அமிழ்த்தி, மறுமுனையில் வாயால் இழுத்து நீரை ஓடவிடுங்கள். காற்றுக் குமிழ்கள் எல்லாம் வெளியேறும் வரை ஓடட்டும். சில துளிகள் சொட்டு நீலம் கலந்தால் நீர்மட்டம் வெயிலிலும் தெளிவாகத் தெரியும். பிறகு இரண்டு குச்சிகளையும் ஒரே இடத்தில் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் நீர் ஒரே அளவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறது, அல்லது டியூப் எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது டேப் சரியாக ஒட்டப்படவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் நிலத்தில் இறங்க வேண்டாம்.

இனி அளவு. ஒருவர் மேட்டில் ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். மற்றவர் 15 மீட்டர் கீழே போய் நிற்கட்டும். நகரும்போது நீர் சிந்தாமல் இரு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளலாம். நின்றபின் இரு முனைகளையும் திறந்துவிட வேண்டும். ஒரு முனை அடைபட்டிருந்தால் அளவு பொய்யாகும். நீர் ஆடி அடங்கிய பிறகு இருவரும் அளவைப் படியுங்கள். மேல்குச்சியில் 62, கீழ்க்குச்சியில் 92 என்று வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றே. கீழே தரை தாழ்ந்திருப்பதால் குச்சியில் நீர் உயரமாகத் தெரிகிறது. ஆகவே பெரிய எண் காட்டும் இடமே பள்ளம். 92 இல் 62 போக 30 செ.மீ. இறக்கம்.

இடையில் சிறிது நீர் சிந்திவிட்டாலும் பதற வேண்டியதில்லை. இரண்டு குச்சியிலும் மீண்டும் படித்துக்கொண்டால் போதும்; இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருக்கும், வேறுபாடு மாறாது.

அடுத்து, கீழே நின்றவர் அசையாமல் நிற்க, மேலே நின்றவர் அவரைக் கடந்து இன்னும் 15 மீட்டர் கீழே செல்லட்டும். மீண்டும் படிக்க வேண்டும். இப்படி மாறி மாறிக் கீழ்வரப்பு வரை செல்லுங்கள். ஒவ்வோர் இறக்கத்தையும் எழுதிக் கூட்டினால் மொத்த இறக்கம் கிடைக்கும். கீழிருந்து மேலாக ஒரு முறை திரும்ப அளந்து வந்தால் இரண்டு மொத்தமும் ஒத்திருக்க வேண்டும். ஓரிரண்டு செ.மீ. வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து செ.மீ. வேறுபட்டால் எங்கோ ஓர் அளவைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

புள்ளிகளை மிக நெருக்கமாக வைக்க வேண்டாம். மூன்று மீட்டர் தூரத்தில் படிப்பதில் ஒரு செ.மீ. தவறினால் சரிவில் 0.33 சதவீதம் பிசகும். பதினைந்து மீட்டரில் அதே தவறு 0.07 சதவீதம்தான். தூரத்தைக் கயிற்றைக் கிடையாகப் பிடித்து அளப்பதே முறை. ஆனாலும் நமது மானாவாரி நிலங்களில் தரையோடு அளந்தாலும் பெரிய தவறு வராது. பத்து சதவீதச் சரிவில்கூட நூறு மீட்டருக்கு அரை மீட்டர்தான் பிசகும். மலைச்சரிவில் அப்படி விட முடியாது. 33 சதவீதச் சரிவில் தரையோடு அளந்த நூறு மீட்டர், கிடையாக 95 மீட்டர்தான்.

கைபேசியில் உயரம் காட்டும் வசதி இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செயற்கைக்கோள் வழியே அது காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். நாம் தேடுவது செ.மீ. கணக்கு. இந்த வேலைக்கு அது உதவாது.

சராசரி மறைக்கும் செய்தி

இரண்டு ஏக்கர் செம்மண் நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்வரப்பிலிருந்து கீழ்வரப்பு வரை 135 மீட்டர், அகலம் 60 மீட்டர், குறுக்கே ஏறத்தாழ மட்டம். பதினைந்து மீட்டருக்கு ஒன்றாக ஒன்பது அளவுகள் எடுத்ததில் இறக்கம் செ.மீ. இல் முறையே 30, 33, 36, 42, 60, 69, 63, 42, 30 என்று கொள்வோம். கூட்டினால் 405 செ.மீ. இதை 135 மீட்டரால் வகுத்தால் 3 சதவீதம்.

மேல்வரப்பு, கீழ்வரப்பு ஆகிய இரண்டு புள்ளிகளை மட்டும் பார்த்தவர் "என் நிலம் மூன்று சதவீதம்" என்று சொல்வார். அது சரியான விடைதான். ஆனால் நிலம் ஒரே நேர்கோடாக இறங்கவில்லை. முதல் 60 மீட்டரில் 141 செ.மீ. இறக்கம், சரிவு 2.35 சதவீதம். அடுத்த 45 மீட்டரில் 192 செ.மீ.; சரிவு 4.3 சதவீதம். கடைசி 30 மீட்டரில் 2.4 சதவீதம். மண் அரிப்பு நடப்பது அந்த நடுப்பகுதியில்தான். சரிவு நான்கு மடங்கானால் ஓடும் நீரின் வேகம் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் அதன் அரிக்கும் விசை நான்கு மடங்காகும் என்பது நீரியல் கணக்கு.

இந்த அளவுகளைப் பிள்ளையின் வரைபடத் தாளில் குறித்துப் பார்ப்பது நல்லது. கிடையாகத் தூரம், கீழ்நோக்கி இறக்கம். பத்துப் புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால், எங்கே கோடு செங்குத்தாக விழுகிறதோ அங்கே உங்கள் நிலத்துக்கு ஆபத்து என்று பார்த்த மாத்திரத்தில் புரியும்.

வரப்பு எங்கே போடுவது?

வரப்புக்கும் வரப்புக்கும் இடையே எவ்வளவு உயர வேறுபாடு இருக்கலாம் என்பதற்குப் பரவலாகக் கையாளப்படும் கணக்கு எளிது. சரிவுச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி அறுபதைக் கூட்டினால் செ.மீ. இல் விடை வரும். மழையளவு, மண் வகை ஆகியவற்றுக்கேற்ப இதைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொள்வதுண்டு. ஒரு சதவீதச் சரிவுக்கு 70 செ.மீ.; அதற்குரிய வரப்பு இடைவெளி 70 மீட்டர். இரண்டு சதவீதத்துக்கு 80 செ.மீ., இடைவெளி 40 மீட்டர். மூன்றுக்கு 90 செ.மீ., 30 மீட்டர். நான்குக்கு ஒரு மீட்டர், 25 மீட்டர். சரிவை இரண்டு சதவீதம் என்று மதிப்பிட்டு 40 மீட்டரில் வரப்புப் போட்டவருடைய நிலம் உண்மையில் நான்கு சதவீதமாக இருந்தால், அவர் வரப்புகளுக்கிடையே 160 செ.மீ. இறக்கம் இருக்கிறது. அந்த வரப்பு நிற்காது.

நமது இரண்டு ஏக்கருக்கு வருவோம். சராசரி மூன்று சதவீதம் என்று எடுத்து, 30 மீட்டருக்கு ஒன்றாக 30, 60, 90, 120 மீட்டர்களில் வரப்புப் போட்டால் என்ன ஆகும்? 90 ஆவது மீட்டரில் உள்ள மூன்றாவது வரப்புக்கு மேலே 129 செ.மீ. இறக்கம் வந்துவிடுகிறது. முதல் வரப்புக்கோ 63 செ.மீ. மட்டுமே. மூன்றாவது வரப்புதான் முதலில் உடையும். காரணத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வரப்பில் 30 செ.மீ. நீர் நிற்கிறது என்றால், மூன்று சதவீதச் சரிவில் அந்நீர் பத்து மீட்டர் பின்னோக்கிப் பரவி நிற்கும். ஒரு மீட்டர் நீள வரப்புக்கு ஒன்றரை கன மீட்டர். மூன்றாவது வரப்புக்கு ஒட்டிய மேற்பகுதியில் சரிவு 4.6 சதவீதம். அங்கே நீர் ஆறரை மீட்டர் வரைதான் பின்வாங்கி நிற்கும். கொள்ளளவு சுமார் ஒரு கன மீட்டர். 30 மீட்டர் இடைவெளியில் 50 மி.மீ. நீர் வழிந்து வந்தால், ஒரு மீட்டர் வரப்புக்கு வந்து சேர்வது ஒன்றரை கன மீட்டர். மீதி அரை கன மீட்டர் வரப்பின் தலைமேல் ஏறும். மண் வரப்பின் மேல் ஏறிய நீர் வரப்பை விட்டுவைக்காது.

ஆகவே தூரத்தைச் சமமாகப் பிரிக்காமல் இறக்கத்தைச் சமமாகப் பிரியுங்கள். மேல்வரப்பிலிருந்து 90 செ.மீ. இறங்கும் இடத்தில் முதல் வரப்பு, 180 இல் இரண்டாவது, 270 இல் மூன்றாவது, 360 இல் நான்காவது. மேலே தந்த அளவுகளின்படி அவை ஏறத்தாழ 41, 70, 90, 115 ஆவது மீட்டர்களில் விழும். சரிவு குறைந்த மேற்பகுதியில் 41 மீட்டர் இடைவெளி, சரிவு மிகுந்த நடுப்பகுதியில் 20 மீட்டர். வரப்பின் எண்ணிக்கை கூடவில்லை. அதே நான்கு வரப்புதான், செலவும் அதேதான். இடம் மட்டும் மாறியிருக்கிறது.

வரப்பின் இடம் தெரிந்த பிறகு அதன் பாதை. முதல் குச்சியை அந்த இடத்தில் நிறுத்துங்கள். மற்றவர் குறுக்கே 15 மீட்டர் சென்று, இரண்டு குச்சியிலும் ஒரே எண் வரும் வரை மேலும் கீழும் நகரட்டும். ஒரே எண் வந்த இடத்தில் ஒரு முளை அடியுங்கள். இறக்கம் பூச்சியம், எனவே சரிவும் பூச்சியம். இப்படியே தொடர்ந்து முளை அடித்து இணைத்தால் கிடைப்பது சமமட்டக் கோடு. அது உங்கள் வேலிக்கு இணையாகச் செல்லாது. வளைந்து நெளிந்துதான் போகும். சிறு நெளிவுகளை நிரவிக்கொள்ளலாம். வரப்பு அழகாக நேராக இருக்க வேண்டும் என்று கயிறு கட்டிப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நேர்வரப்பில் எங்கோ ஓரிடம் தாழ்வாக இருக்கும். வரப்பு முழுவதும் தேங்கும் நீர் அந்த இடத்துக்கு ஓடி வந்து அங்கேயே உடைக்கும். உடைந்த இடத்தில் பாயும் மொத்த நீர் அடுத்த வரப்பையும் உடைத்துக்கொண்டு போகும். வரப்பே போடாத நிலத்தைவிட இது மோசம். மிகுதி நீர் வெளியேறக் கல் பதித்த வழி ஒன்று ஒவ்வொரு வரப்பிலும் இருக்க வேண்டும்.

கரிசல் நிலத்துக்கு இந்தச் சமமட்ட வரப்பு ஏற்றதல்ல. அங்கே நீர் தேங்கிப் பயிர் அழுகும். கோடையில் வரப்பு வெடித்து, அந்த வெடிப்பு வழியாகவே முதல் மழையில் உடையும். நீரை மெல்ல வெளியே கொண்டுபோகும் சிறு வாட்டமுள்ள வரப்பே அங்கு வேண்டும். ஆறு சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவிலும் சமமட்ட வரப்பு போதாது. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் 16 முதல் 33 சதவீதச் சரிவுகளில் படித்தளங்கள் அமைக்கப்படுகின்றன. அங்கெல்லாம் வேளாண்மைப் பொறியியல் துறையினரின் நேரடி ஆலோசனை இல்லாமல் மண்ணை வெட்டத் தொடங்கக் கூடாது.

இரு திசையில் வாட்டம் இருந்தால்

நிலம் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஒருங்கே இறங்குவதுண்டு. அப்போது வேலியோரமாக அளந்த சரிவு உண்மைச் சரிவாகாது. இரண்டு திசையிலும் செங்கோணமாக அளந்து, ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். நீளவாக்கில் 4, குறுக்கே 3 என்றால், 16 உம் 9 உம் 25. உண்மைச் சரிவு 5 சதவீதம். மழைநீர் இரு வேலிகளுக்கும் இணையாகப் போகாமல் மூலைவாட்டாகப் பாயும். உழவையும் விதைப்பையும் அந்தப் பாய்ச்சலுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்கால் பாசனத்துக்கும் இதே அளவு உதவும். பாரும் சாலும் பிடிக்கும் பயிர்களில் சாலின் வாட்டம் 0.2 முதல் 0.5 சதவீதம் இருப்பது நலம். அதாவது நூறு மீட்டர் சாலுக்கு 20 முதல் 50 செ.மீ. இறக்கம். சொட்டுநீர்ப் பாசனத்தில் பக்கக் குழாய்களைச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் போடுவதே சரி. மூன்று சதவீதச் சரிவில் 50 மீட்டர் குழாயைக் கீழ்நோக்கிப் போட்டால் ஒன்றரை மீட்டர் இறக்கம் வருகிறது. அதனால் கடைசிச் செடியில் சதுர செ.மீ.க்கு 0.15 கிலோ அழுத்தம் கூடுதலாகும். ஒரு கிலோ அழுத்தத்தில் இயங்கும் சொட்டுவானுக்கு இது அலட்சியம் செய்யத்தக்க அளவல்ல.

அளவெடுக்க ஏற்ற காலம் கோடை. அறுவடை முடிந்து, தாள் அகற்றி, உழவுக்கு முன் தரை இறுகியிருக்கும்போது குச்சி புதையாமல் நிற்கும். உழுத மண்ணில் அளக்க நேர்ந்தால் குச்சியின் அடியில் ஒரு சிறு பலகைத் துண்டு அல்லது ஓட்டுச் சில்லை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குச்சிக்கும் ஒரே கனமுள்ளதாக இருக்க வேண்டும். காற்று பலமாக வீசும் பிற்பகலைவிடக் காலை நேரம் நல்லது, குச்சி ஆடாது. வேலை முடிந்ததும் டியூப்பில் உள்ள நீரை வடித்து, மடிப்பு விழாமல் வட்டமாகச் சுருட்டி, வெயிலும் எலியும் படாத இடத்தில் தொங்கவிட்டால் அடுத்த கோடைக்கும் உதவும்.